சொல் விளையாட்டில் மணி அடித்த வருடங்கள்

1. வெள்ளம்

முதல் நாள் படப்பிடிப்பிலேயே சண்டை வந்துவிட்டது.

2005 வாக்கில் நாகர்கோவிலில் ஒரு கேபிள் சேனலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டாறில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் ஸ்டுடியோ. காலையில் உள்ளூர்ச் செய்தி எழுதுவேன். மத்தியானம் திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோல் விளம்பரங்களில் எழுத்துப் பிழை பார்ப்பேன். அதற்கு முன் ஒரு டுட்டோரியலில் தமிழ்ப் பாடம் நடத்தியவள் என்பதால் எல்லோருக்கும் நான் ‘டீச்சர்’. சேனல் உரிமையாளர் தங்கமணி அண்ணாச்சிக்கு ‘ஒத்தச் சொல்லு’ என்று ஒரு விளையாட்டு நிகழ்ச்சி நடத்தும் ஆசை வந்தது. நடுவர் நாற்காலியில் என்னை உட்காரவைத்து, முன்னால் ஒரு மேசை மணியையும் வைத்துவிட்டார்.

விளையாட்டு சுலபம்தான். இரண்டு டீம், டீமுக்கு இரண்டு பேர். ஒருவருக்கு மட்டும் அட்டையில் ஒரு சொல்லைக் காட்டுவோம். அவர் அதைச் சொல்லாமல், வேறு ஒரே ஒரு சொல்லைக் குறிப்பாகக் கொடுக்க வேண்டும். எதிரே இருக்கும் கூட்டாளி அதை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். முடியாவிட்டால் இன்னொரு குறிப்பு, அதற்கும் முடியாவிட்டால் மூன்றாவது. அட்டைச் சொல்லின் பாதியோ அதன் வேரோ குறிப்பில் வரக் கூடாது. வேற்று மொழியில் மொழிபெயர்த்துச் சொல்லக் கூடாது. கையால் ஜாடை காட்டவோ ராகம் போட்டுப் பாடிக் காட்டவோ கூடாது. மீறினால் நான் மணி அடிப்பேன், பாயின்ட் கிடையாது.

அன்றைக்கு அட்டையில் வந்தது ‘தண்ணீர்’. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், யோசிக்காமல் “வெள்ளம்” என்றாள். அவள் அண்ணன் அடுத்த நொடி “தண்ணீர்” என்றான். எதிர் டீம் எழுந்து நின்றுவிட்டது.

“மேடம், அது மலையாளம்லா! மொழிபெயர்ப்பு!”

“வெள்ளம்னா மழைவெள்ளம். அது எப்படி தண்ணியாவும்?” என்று பார்வையாளர் வரிசையில் ஒருவர்.

கேமராவை நிறுத்தச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணைக் கேட்டேன். “வீட்ல தாகம் எடுத்தா அம்மைகிட்ட என்ன கேப்ப?”

“வெள்ளம் தாங்கம்மான்னு கேப்பேன். வேற என்னத்த கேக்க?” என்றாள். அவள் முகத்தில் கோபமே வந்துவிட்டது.

மணி அடிக்கவில்லை. ஒரு சொல் எல்லையின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதல்ல கேள்வி; அந்தச் சொல்லைச் சொல்லித் தாகம் தீர்த்துக்கொள்கிறவர்கள் இந்த மாவட்டத்தில் இருந்தால் அது நம் சொல்தான் என்று தீர்ப்புச் சொன்னேன். அண்ணாச்சி தலையில் கைவைத்தார்.

“டீச்சர், நாளைக்கு பாதி ஊரு போன் போட்டு ஏசும், பாத்துக்கிடுங்க.”

“மீதி ஊரு சந்தோசப்படும் அண்ணாச்சி.”

அப்படித்தான் ஆனது. நிகழ்ச்சி பிழைத்துக்கொண்டது.

2. எது ஒரு சொல்

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்காகச் சில நுணுக்கங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் தலைவலி, எது ஒரு சொல் என்பது. ‘கடற்கரை’ ஒன்றா, இரண்டா? நான் வைத்துக்கொண்ட சோதனை இதுதான்: நடுவில் இன்னொரு சொல்லைச் செருக முடிகிறதா என்று பார்ப்பேன். ‘பெரிய வீடு’ என்பதில் ‘பெரிய பழைய வீடு’ என்று செருகலாம். எனவே இரண்டு சொல், மணி. ‘கடற்கரை’யைப் பிளந்து நடுவில் எதையும் வைக்க முடியாது. எனவே ஒரு சொல்.

அடுத்தது வேர். ‘கல்வி’ என்ற அட்டைக்கு ஒருவர் ‘கல்லூரி’ என்று குறிப்புக் கொடுத்தார். மணி அடித்தேன். “கல்லூரியில கல்லுதான டீச்சர் இருக்கு, கல்வி எங்க இருக்கு?” என்று சண்டைக்கு வந்தார். இரண்டுக்கும் ‘கல்’ என்ற வினைதான் வேர் என்று விளக்கினேன். “அப்பம் நாங்க இவ்வளவு நாளும் கல்லுன்னுல்லா நெனச்சிட்டிருந்தோம்” என்றார். ஸ்டுடியோவே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

இதெல்லாம் புத்தகத்தைப் பார்த்துத் தீர்க்கக்கூடியவை. புத்தகத்தில் இல்லாத ஒரு வழக்கு, நிகழ்ச்சி தொடங்கி இரண்டு மூன்று வருடம் கழித்து இனயம் என்ற கடற்கரை ஊரிலிருந்து வந்தது.

3. இனயத்திலிருந்து ஒரு ஜோடி

போட்டியாளர் தேர்வு மாதத்தில் ஒரு சனிக்கிழமை நடக்கும். அன்று கடைசியாக ஒரு கணவனும் மனைவியும் மாடிப்படி ஏறி வந்தார்கள். அவர் ஒவ்வொரு படியிலும் வலது காலை இழுத்து வைத்து ஏறினார். மனைவி பின்னாலேயே வந்தார், ஆனால் அவரைத் தாங்கிப் பிடிக்கவில்லை. அந்த அம்மாள் பெயர் லில்லிபுஷ்பம். அவர் சிலுவைதாசன், ஐம்பதைத் தாண்டியவர். கரையில் மீன் ஏலம் விளித்துவந்தவர். காற்றும் அலையும் அடிக்கிற கரையில் நின்று, மைக் இல்லாமல், நூறு பேருக்குக் கேட்கும்படி கூவி விற்றவர்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. நெய்யூரில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தார். கால் ஓரளவுக்குத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. சுத்தமாகப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. அவருக்கு எல்லாம் புரியும், எழுத்தை வாசிப்பார், சொல்ல வேண்டியது மனசில் இருக்கும். நினைத்த சொல் மட்டும் வாய்க்கு வராது. அதன் பக்கத்துச் சொல் ஏதாவது வந்து நிற்கும். சோறு கேட்க நினைப்பார், “இல” என்பார். செருப்பு என்று சொல்லப் பார்ப்பார், “முள்ளு” என்பார்.

“இவரு எப்படி...” என்று அண்ணாச்சி இழுத்தார்.

லில்லி அக்காவே பதில் சொன்னார். “அண்ணாச்சி, எங்களுக்கு வீட்ல நாள் முழுக்க இந்த வெளையாட்டுதான். அவிய ஒண்ணு சொல்லுவாவ, நான் என்னன்னு கண்டுபிடிப்பேன். ஒங்க புரோகிராம பாத்தப்பம் எனக்கு சிரிப்பு வந்துது. இத போயி போட்டின்னு நடத்துகாங்களேன்னு. அப்பம் நாமளும் போனா என்னன்னு கேட்டேன். அவியளுக்கும் சம்மதம்.”

சிலுவைதாசன் இடது கையால் தொடையில் தட்டினார். ஒன்று, இரண்டு. தட்டிக்கொண்டே, “வாறோம்” என்றார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் சொல்லித் தந்த வழி அது. ‘வா, றோம்’ என்பதுபோலப் பிரித்துச் சொன்னால் சொல்லில் எத்தனை ஒலித்துண்டு வருகிறதோ அத்தனை தட்டு. கை தாளம் போட்டால் நாக்கு அதைப் பிடித்துக்கொண்டு நடக்கும். தட்டாவிட்டால் ஒரு சொல்லும் வராது.

சோதனைக்கு ஐந்தாறு அட்டை காட்டினோம். ‘பொறாமை’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு “எதிர்வீடு” என்றார். லில்லி அக்கா உடனே, “பொறாமை”. ‘கல்யாணம்’ என்ற சொல்லுக்கு “பந்தி”. ‘ஞாயிறு’ என்பதற்கு “பூசை”. எங்கள் ஆங்கர் அஜின் அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணாச்சி, நான் இவ்வளவு நாள் பாத்ததுல இதுதான் பெஸ்ட் டீம்” என்றான். யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. அட்டைச் சொல்லை விட்டுவிட்டு அதன் அண்டைச் சொல்லைத் தேடிப் பிடிக்கத்தான் எங்கள் போட்டியாளர்கள் திணறுவார்கள். அவர் அதைச் செய்துதான் இரண்டு வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சிக்கு வேறு கணக்கு ஓட ஆரம்பித்தது. “ஆரம்பத்துல அவரு நெலமைய ஒரு அஞ்சு நிமிசம் போடுவோம். சோகமா ஒரு மியூசிக். நீங்க கொஞ்சம் அழுதா...”

“அழுகதுக்கு நாங்க வரல்ல அண்ணாச்சி” என்றார் லில்லி அக்கா. குரலை உயர்த்தவில்லை. “வெளையாட வந்தோம். அது போதும்னா விளியுங்க.”

4. உப்பு

ஷூட்டிங் அன்று எதிர் டீம் வடசேரியைச் சேர்ந்த அக்கா தங்கை, கலாவும் உமாவும். கெட்டிக்காரப் பெண்கள். அதற்கு முன் இரண்டு போட்டி ஜெயித்துவிட்டு வந்திருந்தார்கள்.

முதல் சுற்று வேகமாகப் போனது. ‘பாலம்’ வந்தது. சிலுவைதாசன் “அக்கரை” என்றார், லில்லி அக்கா “பாலம்” என்றார். அந்தப் பக்கம் கலாவும் உமாவும் விடவில்லை. ஒவ்வொரு பாயின்ட்டாக ஏறிக்கொண்டே போனார்கள்.

பிறகு அட்டையில் ‘மௌனம்’ வந்தது. எனக்கே என்ன குறிப்புக் கொடுப்பது என்று தோன்றவில்லை. சிலுவைதாசன் அட்டையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். தொடையில் ஒரே ஒரு தட்டு.

“நான்.”

லில்லி அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே, “மௌனம்” என்றார்.

அஜினுக்கு அடுத்த வரி மறந்துபோனது. நான் மணியைப் பார்த்தேன். ‘நான்’ ஒரு சொல். அட்டைச் சொல்லோடு வேர் ஒட்டவில்லை. ஜாடை இல்லை. இரண்டு பேருக்கு மட்டும் விளங்குகிற குறிப்பைக் கொடுக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. “பாயின்ட்” என்றேன்.

அடுத்த சுற்றில் உமா கையைத் தூக்கினாள்.

“மேடம், ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனச்சிராதீங்க. அண்ணன் கையால தட்டுகாரு. அது கை ஜாடை ஆவாதா?”

வரிசையில் இருந்து ஒருவர், “ஏட்டி, சுகமில்லாத மனுசன்கிட்ட போயி...” என்று அவளை ஏச ஆரம்பித்தார். உமா முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் உட்காரவில்லை.

நான் அவரை நிறுத்தினேன். அவள் கேட்டது நியாயமான கேள்வி. தேர்வு நாளிலிருந்தே நான் எனக்குள்ளே கேட்டு, அவர் பேசுவதற்கே அது வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்ட கேள்விதான். அவர் கை தட்டுவதால் லில்லி அக்காவுக்கு என்ன போய்ச் சேருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அவர் சொல்லும் குறிப்புக்குத்தான் தட்டுகிறார் என்றால் காதில் விழுவதைத் தவிர அதில் புதிதாக ஒன்றுமில்லை. அட்டைச் சொல்லுக்குத் தட்டினால் கதை வேறு.

“டேப்ப ரீவைண்ட் பண்ணுங்க” என்றேன்.

மானிட்டரைச் சுற்றி எல்லோரும் நின்றோம். இரண்டு டீமும் நின்றது. ஒவ்வொரு சொல்லாக ஓட்டிப் பார்த்தோம். “அக்கரை”க்கு மூன்று தட்டு. சரி. “நான்”, ஒன்று. சரி. இப்படியே எல்லாம் பொருந்திக்கொண்டு வந்தது. கடைசிக்கு முந்தின சொல் ‘கருவாடு’. அதற்கு அவர் கொடுத்த குறிப்பு “உப்பு”. உப்புக்கு இரண்டு தட்டு வேண்டும். டேப்பில் அவர் கை முதலில் நான்கு முறை தட்டியது. வாய் திறந்து மூடியது. கொஞ்சம் நின்றது. பிறகு இரண்டு தட்டு, “உப்பு”.

க, ரு, வா, டு. அட்டையைப் பார்த்ததும் கை தன்னையறியாமல் அந்தச் சொல்லையே தட்டிவிட்டது. அதைச் சொல்லக் கூடாது என்று ஞாபகம் வந்து வாயை அடைத்துக்கொண்டார். கை முந்திக்கொண்டுவிட்டது.

என்ன சொல்வது என்று நான் யோசிக்கும் முன்பே லில்லி அக்கா பேசினார். “உள்ளத சொல்லுகேன் டீச்சர். உப்புன்னதும் எனக்க வாயில கடலுன்னுதான் வந்துது. அவிய நாலு தட்டு தட்டுனத பாத்திருந்தேன். அதான் கருவாடுன்னேன்.”

அண்ணாச்சி என்னைத் தனியாக இழுத்தார். “விட்டுருங்க டீச்சர். ஒரு பாயின்ட்டுதான. பாக்கிறவன் நம்மள மனுசனான்னு கேப்பான்.”

திரும்பி வந்து மணியை அடித்தேன். “கருவாடு பாயின்ட் கிடையாது. மற்றதெல்லாம் செல்லும்” என்றேன்.

சிலுவைதாசன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா வருத்தமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

இனி என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. தட்டாமல் அவரால் பேச முடியாது. தட்டினால் இன்னொரு முறையும் கை முந்தலாம். அஜின், “கைய மேசைக்கு அடியில வச்சா?” என்றான். எங்கள் மேசை கண்ணாடி மேசை. லில்லி அக்கா எழுந்தார். தன் ஸ்டூலைப் பிடித்து, கணவனுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“இப்பம் நான் காணமாட்டேம்லா?”

“அப்பம் நானும் அக்காவ பாக்காம திரும்பி இருக்கேன்” என்றாள் உமா. “ரெண்டு டீமுக்கும் ஒண்ணுபோல இருக்கட்டும்.” சொன்னபடியே அவளும் ஸ்டூலைத் திருப்பினாள். சற்று முன் அவளை ஏசியவர்தான் முதலில் கைதட்டினார்.

தட்டுகிற சத்தம் காதில் விழுமே என்றார் கேமராமேன். அண்ணாச்சி தன் சுழல் நாற்காலியில் போட்டிருந்த மெத்தையை எடுத்து வந்து சிலுவைதாசன் மடியில் வைத்தார். தட்டிப் பார்க்கச் சொன்னோம். சத்தமில்லை. போட்டி மறுபடி தொடங்கியது.

5. ஏலம்

முதுகைப் பார்த்துப் பேசுவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மனைவியின் முகம்தான் அவருக்குப் பாதிப் பேச்சு. இரண்டு சொல்லுக்கு ஒரு குறிப்பும் வராமல் நேரம் முடிந்துபோனது. நெற்றி வேர்த்தது. லில்லி அக்கா திரும்பவே இல்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டி இறுக்கிப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது அட்டையை அஜின் கட்டிலிருந்து உருவினான். அவன் முகம் மாறியது. நான் எட்டிப் பார்த்தேன். ‘ஏலம்’.

யாரும் வேண்டுமென்று வைத்ததல்ல. வாரக்கணக்கில் கலைத்துக் கலைத்துப் போடுகிற கட்டு அது. சிலுவைதாசன் அதைப் பார்த்தார். மெத்தைக்கு மேலே கை உயர்ந்து நின்றுவிட்டது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று நாற்காலியில் நிமிர்ந்தார். கை தட்டவில்லை. ஒரு தட்டுகூட இல்லை.

“ஒருதரம்!”

அது அதுவரை நாங்கள் கேட்ட குரல் அல்ல. கரையில் கூவிய குரல். மைக் கிறீச்சிட்டது. கேமராமேன் ஹெட்போனைக் கழற்றி எறிந்தார். கீழே பாத்திரக் கடையில் இருந்தவர்கள் என்னமோ ஏதோ என்று மாடிக்கு ஓடி வந்தார்கள்.

“ஏலம்!” என்று லில்லி அக்கா கத்தினார். அப்போதும் திரும்பாமல் சுவரைப் பார்த்தபடியே.

என் கை மணியின் மேல் இருந்தது. ‘ஒருதரம்’ ஒன்றா இரண்டா? நடுவில் எதையும் செருக முடியாது, ஒரு சொல். ஆனால் அதை ஏல ராகத்தில் சொன்னாரே? பாடிக் காட்டக் கூடாது என்று எங்கள் விதியில் இருந்தது. அந்த ஒரு நொடியில் எனக்குத் தோன்றியது இதுதான்: அவர் ராகத்தைக் குறிப்பாகக் கொடுக்கவில்லை. சொல்லைச் சொன்னார், அது அவருடைய குரலில் வந்தது. ஒருவர் தன் சொந்தக் குரலில் பேசியதற்கு எப்படி மணி அடிப்பது? கையை எடுத்துக்கொண்டேன். எதிரில் உமாவும் கலாவும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு வடசேரி டீம்தான் ஜெயித்தது. ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசம்.

6. அதற்குப் பிறகு

நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் போன் ஓயவில்லை. “கருவாட்டுக்கு மணி அடிச்ச பொம்பள யாரு? மனசாட்சி இல்லியா?” என்று கேட்டார்கள். ஒரு வாரம் நான் போனையே எடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் அஜின் ரிசீவரை என் கையில் திணித்தான். “நீங்கதான் பேசணுமாம்.” லில்லி அக்கா.

நான் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் விடவில்லை.

“டீச்சர், நீங்க மணி அடிச்சியளே, அதுக்காண்டிதான் விளிச்சேன். ரெண்டு வருசமா அவிய என்ன சொன்னாலும் எல்லாரும் சரி சரின்னு தலைய ஆட்டிட்டு போயிருவாவ. கேக்கவே மாட்டாவ. பிள்ளைய கொஞ்சுகது போல. அவியளுக்கு அதுதான் பெரிய நோவு. நீங்க டேப்ப போட்டு ஒவ்வொண்ணா பாத்து, இது தப்பு, இது சரின்னு சொன்னிய. வீட்டுக்கு வந்து அன்னைக்கு முழுக்க ஒரே பேச்சு. உப்பு சரியில்ல, வெயிலுன்னு சொல்லியிருக்கணும்னு. இந்த வெயிலுங்கிற வார்த்தைய பிடிக்க ஒரு மணிக்கூரு ஆச்சு. விடல்ல.”

போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். வெயில் உண்மையிலேயே நல்ல குறிப்பு. கருவாட்டுக்கு உப்பைவிட அதுதான் பொருத்தம்.

நடுவர் வேலையில் நான் கற்றது அன்றைக்குத்தான் எனக்குச் சொல்லாக வந்தது. ஒருவருக்காக இரக்கப்பட்டு விதியை வளைத்தால், அவர் சொன்னதை நாம் கேட்கவில்லை என்று பொருள். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகக் கேட்டுவிட்டு, பிறகு மணி அடித்தால் யாருக்கும் அவமானமில்லை. அந்த வாரத்திலிருந்து எங்கள் நிகழ்ச்சியில் எல்லா ஜோடியிலும் கண்டுபிடிக்கிறவர் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். அதை அண்ணாச்சி தன் யோசனை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு செய்திக்காக இனயம் போயிருந்தேன். வள்ளங்கள் கரை ஏறிக்கொண்டிருந்தன. கூட்டத்தின் நடுவே சிலுவைதாசன் நின்று ஏலம் விளித்துக்கொண்டிருந்தார், கைத்தடியை மணலில் ஊன்றிக்கொண்டு. எண்கள் சரளமாக வந்துகொண்டிருந்தன, ஒன்றின் தோளில் ஒன்று ஏறுவது போல. மீனின் பெயர் வரும்போது மட்டும் நின்றார். மணலில் கிடந்த குவியலைக் காட்டி, “கல்யாணவீடு” என்றார்.

“சாளையா?” என்றது ஒரு குரல். இல்லை என்று கையை வீசினார்.

“அயலயா?” அதுவும் இல்லை.

“நெய்மீன்!” என்று ஒரு மீன்காரப் பெண் கத்தினாள். அவர் கைத்தடியை உயர்த்தினார், எண்கள் மறுபடி ஓடத் தொடங்கின. கூட்டம் முழுக்கச் சிரிப்பு.

கல்யாண விருந்துக்கு வாங்குகிற மீன், எல்லோர் கண் முன்னாலும் கிடக்கிறது. கை நீள நெய்மீனைப் பார்த்து விரல் நீளச் சாளையா என்று கேட்க அந்தக் கரையில் ஒருவரும் இருக்க முடியாது. வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி அவரை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கியது.

பக்கத்தில் வந்து நின்ற லில்லி அக்கா என் காதில் சொன்னார். “பாதி நேரம் அவியளுக்கு பேரு ஓர்மை உண்டு டீச்சர், மறக்கல்ல. சும்ம வெளையாடுகாவ. இது தப்பில்லியா?”

“விதியில ஒரு தடையும் இல்ல அக்கா” என்றேன்.